மேசையை விட்டு இறக்கும் முன் பாருங்கள்: கல்லீரல் புற்றுநோயாளர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட நிர்வாகம், அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகள்.

2022இல் உலகெங்கும் சுமார் 8,66,000 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 7,58,000 பேர் அதனால் மாண்டனர். கட்டி 3 செ.மீ.க்குள் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால், வயிற்றைத் திறக்காமலே அதை அழிக்க வழி உண்டு. தோல் வழியே ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சுட்டுவிடும் அப்லேஷன் சிகிச்சை அது. 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் திசு உடனே மடிகிறது. சிரோசிஸால் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோயால்) அறுவையைத் தாங்க முடியாத எங்களில் பலருக்கு இதுவே நம்பிக்கை.

அறுவையில் கட்டி வெளியே வருகிறது. அதன் ஓரத்தை ஆய்வகத்தில் சோதிக்கலாம். அப்லேஷனில் கட்டி உடலுக்குள்ளேயே கிடக்கிறது. அது முழுதும் வெந்ததா என்பதற்கு ஸ்கேன் படமே சாட்சி. சூட்டில் எழும் வாயுக் குமிழ்கள் அல்ட்ராசவுண்ட் திரையில் வெண்மேகமாய்ப் படர்கின்றன. அந்த மேகத்தின் எல்லை, வெந்த பகுதியின் எல்லை ஆகாது. பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் இருந்தால், ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துச் சென்றுவிடும். அந்த ஓரத்தில் புற்றுச் செல்கள் பிழைத்துக்கொள்ளும். ஆகவேதான் கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ. நல்ல திசுவும் சேர்ந்து வெந்திருக்க வேண்டும் என்கிறது மருத்துவம். இதுவே பாதுகாப்பு விளிம்பு.

விடுபட்ட ஓரம் ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் மீண்டும் அனுமதி, மீண்டும் மயக்க மருந்து, மீண்டும் ஊசி, மீண்டும் கடன். மேசையில் இருக்கும்போதே தெரிந்தால் அப்போதே சுட்டு முடிக்கலாம். எனவே நாங்கள் கோருவன:

1. ஒவ்வொரு அப்லேஷனின் முடிவிலும், நோயாளியை மேசையை விட்டு இறக்கும் முன், காண்ட்ராஸ்ட் (ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் மருந்து) செலுத்தி சி.டி. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

2. காப்பீட்டுத் தொகுப்பில் இந்தச் சோதனை ஸ்கேனுக்குத் தனியாகத் தொகை ஒதுக்க வேண்டும். செலவைக் காட்டி யாரும் அதைத் தவிர்க்க இடம் இருக்கக் கூடாது.

3. சி.டி.க்கான காண்ட்ராஸ்ட் மருந்தைத் தாங்க முடியாத, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்காகக் காண்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். அதிலுள்ள நுண்குமிழ்களின் வாயு மூச்சுவழியே வெளியேறுவதால் சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை.

4. மூச்சில் கல்லீரல் நகர்கிறது. சூட்டில் திசு சுருங்குகிறது. சிகிச்சைக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் கண்ணால் மட்டும் ஒப்பிட்டால் பிழை நேரும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் நடத்திய ‘கவர்-ஆல்’ ஆய்வில், மென்பொருள் துணையோடு இரு படங்களையும் பொருத்தி அளந்தபோது பாதுகாப்பு விளிம்பு அகலமாகக் கிடைத்தது. இத்தகைய மென்பொருளை அப்லேஷன் செய்யும் அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கித் தர வேண்டும்.

5. சுட்ட உடனே எடுக்கும் படத்தில், வெந்த பகுதியைச் சுற்றி ரத்தம் பெருகி மெல்லிய வளையம் தெரிவதுண்டு. அதை எஞ்சிய கட்டியிலிருந்து பிரித்தறிய மருத்துவர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் முறையான பயிற்சி வேண்டும்.

6. எந்தப் பக்கம் எத்தனை மி.மீ. விளிம்பு கிடைத்தது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தர வேண்டும். படங்களின் நகலும், எளிய தமிழில் விளக்கமும், அடுத்த ஸ்கேனுக்கான தேதியும் உடன் வேண்டும். மேசையில் பார்த்ததால் ஒரு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனை விட்டுவிடக் கூடாது.

7. எத்தனை பேருக்கு விளிம்பு போதுமானதாக இருந்தது, எத்தனை பேருக்குக் கட்டி திரும்பியது என்ற கணக்கை, பெயர் வெளியிடாமல், ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

மருத்துவர்களின் கைத்திறன் மீது எங்களுக்கு நம்பிக்கை குறையவில்லை. அந்தக் கைக்குத் துணையாக ஒரு கண்ணைக் கொடுங்கள் என்றே அரசிடம் கேட்கிறோம். மயக்கத்தில் கிடப்பவரால் கேட்க முடியாது. அவருக்காக நாங்கள் கேட்கிறோம். மேசையை விட்டு இறக்கும் முன் ஒருமுறை பாருங்கள். எஞ்சியிருந்தால் அங்கேயே முடித்து அனுப்புங்கள்.