வேகம் மட்டும் போதாது!

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாத வாலிபரை இன்று பார்ப்பது அரிது. பால்காரர் ஓட்டுகிறார். பள்ளிக்கூட வாத்தியார் ஓட்டுகிறார். வேகமாக ஓட்டுகிறவர்களுக்கும் பஞ்சம் இல்லை.

ஆனால், பாதையே இல்லாத பாலைவனத்தில் ஓட்டச் சொன்னால்? அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, இரண்டு வாரம்! ஏறக்குறைய 8 ஆயிரம் கிலோ மீட்டர்!

அப்படியும் ஒரு பந்தயம் இருக்கிறது. அதன் பெயர் "டக்கார்".

வழி தவறியவர் கண்ட வழி

1977-ம் ஆண்டில் நடந்தது இது. தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்காவில் ஒரு பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். லிபியா பாலைவனத்தில் வழி தவறிவிட்டார். சாகும் தறுவாயில் அவரைக் கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள்.

வேறு ஒருவராக இருந்தால், "இனி அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு" என்று சொல்லி இருப்பார். சபீன் அப்படிச் சொல்லவில்லை. அந்த மணலை மற்றவர்களுக்கும் காட்டவேண்டும் என்று நினைத்தார். 1978-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, பாரிஸ் நகரில் இருந்து செனகல் நாட்டின் தலைநகரான டக்காருக்கு முதல் பந்தயம் புறப்பட்டது.

1986-ம் ஆண்டில், பந்தயம் நடந்துகொண்டிருந்தபோதே, ஹெலிகாப்டர் விபத்தில் சபீன் இறந்தார். பந்தயம் நிற்கவில்லை. 2008-ல் பயங்கரவாதிகளின் மிரட்டலால் ரத்து ஆயிற்று. 2009-ல் தென் அமெரிக்காவுக்குப் போயிற்று. 2020-ல் சவுதி அரேபியாவுக்கு வந்தது. ஊர் மாறினாலும் பெயர் மாறவில்லை. மதுரைக்குப் போகாத பஸ்சுக்கு மதுரை என்று பலகை மாட்டியதுபோல, இன்றும் அது "டக்கார்"தான்!

பணம் கட்டினால் போதுமா?

இந்தப் பந்தயத்தில் சேர லட்சக்கணக்கான ரூபாய் செலவாகும். பணம் இருந்தால் சேர்ந்துவிடலாமா? முடியாது.

புதிதாக வரும் மோட்டார் சைக்கிள் வீரர், முதலில் வேறு பாலைவனப் பந்தயங்களில் ஓட்டித் தம்மை நிரூபிக்கவேண்டும். எந்தெந்தப் பந்தயங்கள் கணக்கில் சேரும் என்பதைப் பந்தயத்தாரே சொல்லிவிடுவார்கள். அங்கே ஓட்டிய விவரம் அவர்கள் கைக்கு வரும். அதைப் பார்த்த பிறகுதான், "வா" அல்லது "இன்னும் ஒரு வருஷம் பழகு" என்பார்கள்.

லைசென்சும் வேண்டும். சாலையில் ஓட்டுவதற்கு வாங்கும் லைசென்ஸ் அல்ல, பந்தய லைசென்ஸ். இந்தியாவில் அதைக் கொடுக்கும் மோட்டார் பந்தயச் சம்மேளனத்தின் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது.

இந்த நிபந்தனைகளைச் சிலர் குறை கூறுவது உண்டு. "துணிச்சல்காரனைத் தடுப்பதா?" என்று கேட்கிறார்கள். குறை கூறுவது சரி அல்ல. நீச்சல் தெரிந்த பிள்ளையைத்தான் ஆழக் கிணற்றில் இறங்க விடுவார்கள். துணிச்சல் என்பது வேறு; தயார் என்பது வேறு.

மணல் கற்றுக் கொடுக்கிறது

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு மணலின் குணம் தெரியும். சக்கரம் புதையும். கைப்பிடி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பயந்து வேகத்தைக் குறைத்தால், இன்னும் ஆழமாகப் புதையும்.

டக்கார் வீரர்கள் இதைத்தான் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். துபாயிலும் மொராக்கோவிலும் மணல்மேடுகளில் விழுந்து எழுகிறார்கள். உட்கார்ந்து ஓட்டுவது குறைவு. கால் வைக்கும் கட்டைமேல் நின்றுகொண்டு மணிக்கணக்கில் ஓட்டவேண்டும். அதற்குத் தொடையும் முதுகும் இரும்பாக வேண்டும். வண்டியின் எடை சுமார் 140 கிலோ. பெட்ரோல் நிரப்பினால் இன்னும் கூடும். விழுந்தால் ஒருவரே தூக்கி நிறுத்தவேண்டும். கொதிக்கும் மணலில், பத்துத் தடவை!

மணல்மேட்டின் உச்சியில்தான் எமன் காத்திருக்கிறான். ஏறும் பக்கம் சரிவாக இருக்கும். மறு பக்கம் செங்குத்தாக இறங்கும். மேலே போகும் வரை மறு பக்கம் தெரியாது. வேகமாக ஏறுகிறவர் பறந்து போய் விழுவார். மெதுவாக ஏறுகிறவர் பாதியில் புதைவார். உச்சியைத் தொடும் நேரத்தில் சரியாக வேகத்தைத் தணிக்கவேண்டும். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. ஆயிரம் தடவை ஏறி இறங்கித்தான் வரும்.

மெக்கானிக் வேலையும் தெரிந்திருக்கவேண்டும். டியூப் பஞ்சர் ஆகாமல் இருக்க, டயருக்குள் காற்றுக்குப் பதிலாக நுரை ரப்பரைத் திணிக்கிறார்கள். ஆனால் செயின் அறுந்தால், கம்பி கழன்றால், நடுப் பாலைவனத்தில் ஒர்க் ஷாப் ஏது? சில வீரர்கள் உதவி ஆளே இல்லாமல் வருகிறார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூடாரம், மாற்று டயர். அவ்வளவுதான் அவர்கள் சொத்து. நாள் முழுவதும் ஓட்டிவிட்டு, இரவில் தாங்களே வண்டியைப் பிரித்து மாட்டுகிறார்கள். விடியுமுன் மறுபடி புறப்படுகிறார்கள். முதல் பரிசு வாங்குகிறவரைவிட இவர்களுக்குத்தான் அதிகமாகக் கை தட்டவேண்டும்.

படிக்கத் தெரியாவிட்டால் தோல்விதான்!

இந்தப் பந்தயத்தில் மிகக் கஷ்டமான வேலை என்ன தெரியுமா? படிப்பது!

ஆம். வீரருக்கு வழி காட்டப் பலகை கிடையாது. வழி சொல்லும் போன் கிடையாது. "ரோடு புக்" என்ற வழிக்குறிப்பு ஒன்றுதான் துணை. கைப்பிடிக்கு மேலே ஒரு பெட்டியில் அது இருக்கும். நீண்ட காகிதச் சுருளாக இருந்த அது, பிறகு மின்திரையாகவும் மாறியது. இடது கட்டை விரலால் பொத்தானை அழுத்தினால் நகரும்.

அதில் மூன்று விஷயங்கள் இருக்கும். எத்தனையாவது கிலோ மீட்டர்; அந்த இடத்தின் சின்னப் படம்; செய்யவேண்டியது என்ன. "இந்தத் திசையில் திரும்பு", "ஆற்றுப் படுகை", "பள்ளம்" என்பதுபோல. குறிப்புகள் பிரெஞ்சுச் சுருக்கெழுத்தில் இருக்கும். பெங்களூர்ப் பிள்ளையும் படிக்கவேண்டும். ஆஸ்திரேலியப் பிள்ளையும் படிக்கவேண்டும். ஆச்சரியக்குறி ஒன்று இருந்தால் கவனம். இரண்டு இருந்தால் ஆபத்து. மூன்று இருந்தால் உயிருக்கே ஆபத்து.

வண்டி 100 கிலோ மீட்டர் வேகத்தில் குதிக்கிறது. கண்ணில் புழுதி. அந்த நிலையில் எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டும்! ஒரு வரி தப்பினால் போதும். ஒரு மணி நேரம் போச்சு.

முன்பெல்லாம் சுருளை முதல் நாள் மாலையே கொடுத்துவிடுவார்கள். வீரர்கள் இரவில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகள்போல வர்ணம் தீட்டுவார்கள். ஆபத்துக்குச் சிவப்பு, திருப்பத்துக்கு வேறு நிறம். பணக்கார அணிகள் ஆள் வைத்து வழியை ஆராய்ந்தன. அதைத் தடுக்க, 2021-ல் இருந்து, புறப்படுவதற்குச் சற்று முன்புதான் குறிப்பு கைக்கு வருகிறது. நல்ல மாற்றம்! பணம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கிடைக்கிறது.

போய் வந்தவர்கள்

பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ், 2015-ல் 36-வது இடத்தில் வந்தார். டக்கார் பந்தயத்தை முழுவதும் ஓட்டி முடித்த முதல் இந்தியர் அவரே. 36-வது இடம் என்றால் சாதாரணம் என்று எண்ணிவிடக்கூடாது. அதில் முடிப்பதே வெற்றி.

கேரளத்தில் ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, 2021-ல் 20-வது இடம் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷமும் அவரால் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. 2024-ல் மறுபடி போனார். மொத்தத்தில் 11-வது இடம். இரண்டாம் பிரிவில் முதல் இடம்! அவர் ஓட்டிய அணியில் ஓசூர் டி.வி.எஸ். கம்பெனிக்கும் பங்கு உண்டு.

பெண்களும் பின்வாங்கவில்லை. பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே, 2018-ல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து, வயிற்றுக்குள் கணையம் கிழிந்தது. மறு வருஷமே, "பாஹா" என்னும் பாலைவனப் பந்தயங்களில், பெண்களுக்கான உலகக் கோப்பையை வென்றார்.

மறு பக்கம்

இதை எல்லாம் படித்துவிட்டு ஒரு தாய், "எதற்கடா இந்த வீண் வம்பு?" என்று மகனைக் கேட்டால், அது நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தப்பிக்கக் கூடாது.

2020-ல் போர்ச்சுகல் வீரர் பவுலோ கொன்சால்வெஸ் மணலில் விழுந்து இறந்தார். வயது 40. பழம் தின்று கொட்டை போட்ட வீரர். இந்தியாவின் ஹீரோ அணிக்காகத்தான் அன்று ஓட்டினார். பின்னால் வந்த ஆஸ்திரேலியர் டோபி பிரைஸ், வண்டியை நிறுத்தி உதவிக்கு ஓடினார். அவர் இரண்டு தடவை சாம்பியன். பந்தயத்தை அவர் நினைக்கவில்லை. இப்படி உதவிக்கு நிற்கும் நேரத்தைப் பந்தயத்தார் கழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் மோட்டார் சைக்கிள் ஓட்டமே நடக்கவில்லை.

2021-ல் சந்தோஷும் விழுந்தார். தலையில் அடி. டாக்டர்கள் அவரை மருந்து கொடுத்து மயக்க நிலையில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்து ஊர் திரும்பினார்.

ஹெல்மெட் உண்டு, விழும்போது ஊதிக்கொள்ளும் காற்றுச் சட்டை உண்டு, வண்டி நின்றுபோனால் தகவல் தரும் கருவி உண்டு, ஹெலிகாப்டரில் டாக்டர் உண்டு. அப்படி இருந்தும் இப்படி!

அப்படியானால், இவை ஒன்றுமே இல்லாமல், பின்னால் ஒரு நண்பனையும் உட்கார வைத்து, நெடுஞ்சாலையில் நள்ளிரவில் பந்தயம் விடுகிறார்களே, அதை என்ன என்று சொல்வது? டக்காரில் கிராமம் வந்தால் 30 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போனால் தண்டனை. கருவி காட்டிக் கொடுத்துவிடும். இங்கே ஆஸ்பத்திரி வாசலில் கூட 80-ல் பறக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதால் மட்டும் பயன் இல்லை. ஓட்டிப் பழக அவர்களுக்கு இடம் வேண்டும். கோலார் பக்கத்தில் சந்தோஷ் ஒரு மண் மைதானம் அமைத்து, கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு தனி மனிதர் செய்ததை, லட்சக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிகள் ஜில்லாவுக்கு ஒன்றாகச் செய்யக்கூடாதா? விளம்பரத்தில் வண்டி மணல்மேட்டில் இருந்து தாவுவதைக் காட்டுகிறார்கள். அந்தத் தாவலுக்கு முன்னால் எத்தனை வருஷப் பயிற்சி என்பதையும் காட்டட்டும்.

மைதானம் அமைத்தால், அதில் டாக்டரும் ஆம்புலன்சும் நிற்கவேண்டும். ஓட்டும் பிள்ளைக்குக் கம்பெனியே இன்சூரன்ஸ் கட்டவேண்டும். விபத்து நடந்த பிறகு, வீட்டு நகையை அடகு வைக்கும் நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது. டக்காரில் புறப்படும் வீரரின் முதுகுப் பையில் குறைந்தது 3 லிட்டர் குடிதண்ணீர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அவ்வளவு சின்ன விஷயத்தைக் கூட அங்கே விடுவதில்லை. உள்ளூர்ப் பந்தயங்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகள், பிள்ளைகளின் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தாவது தொடங்கவேண்டும்.