கான்டெஸாவில் எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கந்தர்வக்கோட்டை கடைவீதியில் பழைய கான்டெஸா ஒன்று வந்து நின்றால், இன்றும் நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். 'நம்ம ஊர் மசில் கார்' என்று பெயர். ஆனால் 1984-ல் அறிமுகமானபோது உள்ளே இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்பு, தாத்தா மூச்சு! 1.8 லிட்டர் இசுஸு இன்ஜின் வந்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது.

இதை டிராக் ரேஸுக்குத் தயார் செய்பவர்கள் முதலில் கைவைப்பது எடையில்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேராக 402 மீட்டர் பாய வேண்டும். 45 கிலோ இறக்கினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் என்பது ரேஸ்காரர்களின் பழைய கணக்கு. ஏறக்குறைய ஒரு சிமென்ட் மூட்டை!

பின்சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, கார்பெட், ஏசி எல்லாம் போனாலே நல்ல எடை இறங்கிவிடும். பானெட்டை ஃபைபரில் செய்யலாம். பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் எடை குறையாதுதான். ஆனால் கான்டெஸாவை ஓட்டுவது பின்சக்கரங்கள். அங்கே பாரம் கூடினால் கிளம்பும்போது டயர் வழுக்காது.

1963-ல் அமெரிக்காவின் போன்டியாக் நிறுவனம், ரேஸ் கார்களின் சேஸிஸிலேயே ஓட்டை போட்டது. 'சுவிஸ் சீஸ்' என்றே அவற்றுக்குப் பெயர். அதைப் பார்த்து இங்கே டிரில்லைத் தூக்க வேண்டாம். கான்டெஸாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் மொத்தத்தையும் தாங்குகிறது. பிரேக், சீட் பெல்ட் பக்கமும் போகக்கூடாது.

இப்படி மாற்றிய காரை தஞ்சாவூர் சாலையில் ஓட்டிப் பார்க்கவும் முடியாது. பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் முதல் முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லாரியில் ஏற்றி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் வரை போக வேண்டியதுதான்.