வெள்ளைக் கரடி

மருந்தைக் கையில் கொடுத்த வைத்தியர், "இதைச் சாப்பிடும்போது குரங்கை மட்டும் நினைத்துவிடாதே" என்று எச்சரித்தாராம். அன்று முதல் நோயாளி மருந்துக் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் குரங்கும் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டதாம். இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத தமிழர் இரார். ஆனால், சிரித்து முடித்ததும் நாமும் அந்த வைத்தியரைப் போலவே நடந்துகொள்கிறோம். பரீட்சைக்குப் புறப்படும் பையனிடம், "பயத்தை நினைக்காதே" என்கிறோம். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம், "அதையே நினைக்காதே, அம்மா! மறந்துவிடு" என்கிறோம். நல்லெண்ணத்துடன் சொல்லும் சொல்தான். ஆனால், அது பலிக்குமா?

மனத்தை எவ்வளவு தூரம் அதட்டி அடக்கலாம் என்பதை மனோதத்துவ அறிஞர் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக் கரடியை நினைக்காமலிருக்க முயன்றால் அதுவே ஓயாமல் நினைவில் வந்து நிற்கும் என்று ருஷ்ய ஆசிரியர் தாஸ்தயேவ்ஸ்கி 1863-ஆம் ஆண்டில் எழுதியிருந்தார். அமெரிக்கப் பேராசிரியர் டானியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் இதையே பரிசோதனையாக்கி, 1987-இல் முடிவை வெளியிட்டனர். கலாசாலை மாணவர்களை ஒவ்வொருவராகத் தனியே இருத்தி, மனத்தில் தோன்றுவதையெல்லாம் ஐந்து நிமிஷம் வாய்விட்டுச் சொல்லச் செய்தார்கள். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது. நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கரடி வந்தது! அது மட்டுமன்று. பிறகு, "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் இவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது.

இதற்கு வெக்னர் 1994-இல் காரணம் கூறினார். ஒரு நினைவை விலக்க முயலும்போது மனம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு பகுதி வேறு விஷயங்களைத் தேடுகிறது. மற்றொரு பகுதி, விலக்கிய நினைவு உள்ளே நுழைகிறதா என்று காவல் காக்கிறது. திருடனைப் பிடிக்க வேண்டிய காவற்காரன் திருடனுடைய அடையாளத்தை மறக்கலாமா? ஆகவே, அந்த நினைவு காவலுக்காகவே மனத்தில் தங்கிவிடுகிறது. களைப்பும் கவலையும் மிகுந்தால் தேடும் பகுதி தளர்ந்துபோகிறது, காவற்காரனோ ஓய்வதில்லை.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? அதே ஆராய்ச்சியில் வேறு சிலரிடம், "கரடி வந்தால் ஒரு சிவப்பு வோக்ஸ்வாகன் மோட்டாரை நினையுங்கள்" என்று சொன்னார்கள். பின்னால் கரடி பெருகி வருவது குறைந்தது. வெறுங்கையாகத் துரத்துவதைவிடப் பற்றிக்கொள்ள வேறொன்று கொடுப்பது மேல்.

மற்றொரு வழி, சொல்லித் தீர்த்தல். 1986-இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், மாணவர்கள் தங்கள் வாழ்வின் பெருந்துயரை நாளொன்றுக்கு 15 நிமிஷமாக நான்கு நாள் எழுதுமாறு செய்தார். எழுதிய உடனே அவர்கள் மனம் சோர்ந்தது உண்மை. ஆயினும், நடந்ததோடு தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் வைத்திய உதவியை நாடியது குறைந்தது. 2006-இல் 146 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதனால் பலன் உண்டு, ஆனால் அது சிறிதே என்று தெரிந்தது. சர்வரோக நிவாரணி அன்று. செலவில்லாத கைம்மருந்து எனலாம்.

நினைவை அடக்கவே இயலாது என்றும் முடிவுகட்ட வேண்டாம். 16 தேசங்களைச் சேர்ந்த 120 பேருக்கு மூன்று நாள் முறையாகப் பயிற்சி அளித்து, அச்சந்தரும் எண்ணங்களை நிறுத்தப் பழக்கியதில் அவர்களுடைய மனக்கலக்கம் தணிந்ததாகக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் 2023-இல் தெரிவித்தனர். ஆனால், அது பழகிப் பெறும் திறமை. துக்கம் விசாரிக்க வந்தவர் வாசற்படியில் நின்று இடும் உத்தரவால் வருவதன்று.

நம் பெண்மக்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதைப் படித்தவர்கள் சிலர் அநாகரிகம் என்று ஒதுக்குகிறார்கள். ஒப்பாரிக்கு இந்த ஆராய்ச்சிகள் சான்று என்று நாம் வாதாட வரவில்லை. எனினும், இறந்தவர் பெயரைச் சொல்லி அழ அங்கே இடமுண்டு, கேட்பதற்கும் ஆளுண்டு. "நினைக்காதே" என்ற சொல் இந்த இரண்டையும் அல்லவா பறித்துவிடுகிறது!

அடுத்த முறை பிள்ளை பயமென்று வந்தால், "எதைக் கண்டு பயம்? சொல், கேட்கிறேன்" என்று அருகே உட்காருங்கள். சொல்லி முடித்தபின் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். துயருற்ற தாயிடம், "குழந்தை எப்படி விளையாடும், அம்மா?" என்று கேளுங்கள். அவள் அழுவாள். அழட்டும், எழுந்து போய்விடாமல் கூட இருங்கள்.