வீட்டுல தறி போட்டா தொழிலாளி இல்லையாம்!

மக்களே, இது கொஞ்சம் சூடான பதிவு. பிடிக்காதவங்க பின்னூட்டத்துல திட்டிக்கலாம் :-)

"வருஷத்துக்கு இருபது ரூபா கட்டினா ரெண்டு லட்சம் காப்பீடு. நெசவாளருக்கு இதுக்கு மேல என்னய்யா வேணும்?" நண்பர் ஒருத்தர் கேட்டார். என்னை மாதிரி பொட்டி தட்டுறவர்தான்.

அவர் சொல்றது பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம். விபத்துல செத்தா ரெண்டு லட்சம். ஒரு கண்ணோ கையோ காலோ போனா ஒரு லட்சம். ஆள்காட்டி விரல் மட்டும் போனா? ஒண்ணும் கிடையாது. அறுந்த இழையை முடிச்சுப் போடுறவருக்கு பொழப்பே விரல்லதான் சார் இருக்கு.

1923-ல வெள்ளைக்காரன் போட்ட இழப்பீட்டுச் சட்டம் இதைவிடத் தேவலை. முழு ஆள்காட்டி விரல் போனா சம்பாதிக்கிற திறன்ல 14 சதவீதம் போச்சு, கட்டைவிரலுக்கு 30 சதவீதம்னு பட்டியலே போட்டுச்சு. மொத்தமா முடங்கினா சம்பளத்துல 60 சதவீதத்தை வயசுக்கேத்த எண்ணால பெருக்கித் தரணும். தற்காலிகமா முடங்கினா, அரை மாசத்துக்கு ஒருதடவை மாசச் சம்பளத்துல கால் பங்கு, அதிகபட்சம் அஞ்சு வருஷம். இதெல்லாம் இப்போ 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள வந்து, 2025 நவம்பர் 21 முதல் அமல்ல இருக்கு.

ஆனா எங்க ஐயம்பேட்டையில இதைக் கேக்க முடியாது. ஏன்னா தறி வீட்டுல இருக்கு. பாவு, பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் முதலாளி தர்றது. நெஞ்ச புடவையை விரிச்சுப் பார்த்து, குத்தம் சொல்லி கூலியைப் பிடிக்கிறதும் அவர்தான். அப்போ மட்டும் முதலாளி யாருன்னு யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல. ஜக்கார்டு பெட்டியைச் சரிபண்ண ஏறி ஒருத்தர் விழுந்துட்டா, உடனே அவர் 'சுயதொழில்' ஆயிடுவார்!

2020 கொரோனாவுக்கு அப்புறம் நாமளும் வீட்டுலதானே உக்காந்து கோட் எழுதினோம்? நம்மளை யாராவது ஊழியர் இல்லைன்னு சொன்னாங்களா?

இதுல பெரிய காமெடி, புதுத் தொகுப்புல 'வீட்டுசார் தொழிலாளி'ன்னு தனியா ஒரு விளக்கம் இருக்கு. ஒரு வேலையளிப்பவருக்காகத் தன் வீட்டுல கூலிக்குப் பொருள் செய்யுறவர்னு சொல்லுது. கவனிங்க, வேலையளிப்பவர்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஆனா ஆளைக் கொண்டுபோய் வெச்சது இழப்பீட்டு அத்தியாயத்துல இல்ல, அமைப்புசாராத் தொழிலாளர் அத்தியாயத்துல. அங்க திட்டங்கள்தான் உண்டு. கைத்தறிக்குத் தனி நல வாரியம் இருக்குதான், மறுக்கல. வாரியம் தர்றது உதவித்தொகை. முதலாளிகிட்ட இழப்பீடு கேக்குறது வேற விஷயம்.

(குழித்தறியில உக்காந்து உக்காந்து வர்ற இடுப்பு வலி தொழில்நோய்ப் பட்டியல்லயே இல்ல. பருத்தித் தூசியால வர்ற நுரையீரல் நோய் இருக்கு. அது தனிப் பதிவு.)

வீட்டுல வேலை செய்யுறவரை எப்படிங்க ஊழியர்னு சொல்றதுன்னு வக்கீல் நண்பர்கள் கேப்பீங்க. 1966 பீடித் தொழிலாளர் சட்டம் சொல்லுச்சே! முதலாளி தந்த இலையையும் தூளையும் வீட்டுல வெச்சு சுத்துறவரும் ஊழியர்தான்னு பட்டவர்த்தனமா எழுதி வெச்சாங்க. பீடிக்கு எழுத முடிஞ்ச அந்த ஒரு வரியை இழப்பீட்டு அத்தியாயத்துல பட்டுக்கும் எழுதச் சொல்லித்தான் கேக்குறேன். முடியாதுங்கறவங்க காரணத்தோட வாங்க, பேசுவோம்.