'9,900 எம்.ஏ.எச்' டார்ச் பேட்டரி... நம்பி வாங்கலாமா? புயல் சீசனில் காரைக்கால் மக்கள் கவனிக்க வேண்டியவை!

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காவிரி டெல்டா கரையோர வீடுகளில் முதலில் தேடப்படுவது டார்ச் லைட்தான். பழைய மஞ்சள் பல்பு டார்ச்சுகளின் இடத்தில் இப்போது ஆயிரம் லூமென்ஸ், 3 ஆயிரம் லூமென்ஸ் என வெளிச்சத்தைக் கொட்டும் எல்.இ.டி டார்ச்சுகள் வந்துவிட்டன. லைட்டைப் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள்கூட, உள்ளே போடும் ரீசார்ஜபிள் பேட்டரியை மட்டும் கையில் கிடைத்ததை வாங்கிவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்குது.

கஜா சொல்லிக்கொடுத்த பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நாகையை ஒட்டியிருக்கும் காரைக்காலும் தப்பவில்லை.

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனால் ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையமே இருக்கிறது. ஆனாலும் கம்பமும் கம்பியும் சாய்ந்துவிட்டால் வீட்டுக்குக் கரண்ட் வராது. அறுந்து கிடக்கும் கம்பியும், தண்ணீரில் வரும் பாம்பும் இருட்டில் தெரியாது. அந்த நேரத்தில் டார்ச் கைவிட்டால் உயிருக்கே ஆபத்து.

18650, 21700... இந்த நம்பர் என்ன?

சக்தி வாய்ந்த டார்ச்சுகளில் பெரும்பாலும் லித்தியம் அயன் பேட்டரிதான் இருக்கும். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். 21700 என்றால் 21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம். ஃபுல் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். வழக்கமான 'பென் டார்ச் செல்' 1.5 வோல்ட்தான். அதனால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போடவே கூடாது.

9,900 எம்.ஏ.எச் உண்மையா?

இல்லவே இல்லை. எம்.ஏ.எச் என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் என்பதற்கான அளவு. முன்னணி நிறுவனங்களின் 18650 பேட்டரிகளே 3,500 எம்.ஏ.எச் அளவில்தான் நிற்கின்றன. அதைவிடப் பெரிய 21700 பேட்டரியில் 5,000 சாதாரணம், புதியவற்றில் 6,000 வரை வருகிறது. அப்படியிருக்க, விரல் அளவு 18650-க்குள் 9,900 எப்படி அடங்கும்? இப்படி அச்சடித்து வருபவற்றில் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய செல்லுக்குப் புது உறை போட்டவையும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி எடை. நல்ல 18650 பேட்டரி 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து 30 கிராம்தான் காட்டுது என்றால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

எம்.ஏ.எச் மட்டும் பார்த்தா போதுமா?

போதாது. தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிது என்பது எம்.ஏ.எச். குழாயிலிருந்து ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது ஆம்பியர். எல்.இ.டி ஒரு வாட்டுக்குத் தோராயமாக 100 லூமென்ஸ் தரும் என்று வைத்துக்கொண்டால், 3 ஆயிரம் லூமென்ஸ் டார்ச்சுக்கு 30 வாட் தேவை. ஒற்றை பேட்டரி என்றால் அதிலிருந்து 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

உதாரணத்துக்கு, எல்.ஜி எம்.ஜே.1 பேட்டரி 3,500 எம்.ஏ.எச், 10 ஆம்பியர். சாம்சங் 30கியூ 3,000 எம்.ஏ.எச், 15 ஆம்பியர். சாம்சங் 25ஆர் 2,500 எம்.ஏ.எச், 20 ஆம்பியர். பொதுவாக ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். டார்ச்சின் கையேட்டில் எத்தனை ஆம்பியர் கேட்கிறதோ, அதற்குக் குறையாத பேட்டரியை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குள் எம்.ஏ.எச் அதிகமுள்ளதைப் பார்க்கலாம். ஆம்பியர் போதாத பேட்டரி சூடாகும், சீக்கிரம் வீணாகும்.

எத்தனை மணி நேரம் எரியும்?

3,500 எம்.ஏ.எச் பேட்டரியில் சுமார் 12.6 வாட்-மணி மின்சாரம் இருக்கும். ஆயிரம் லூமென்ஸில் எரிய விட்டால் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதையே 100 லூமென்ஸில் வைத்தால் சுமார் 12 மணி நேரம் வரும். டார்ச்சை நிமிர்த்தி வைத்து ஒளியைக் கூரையில் படவிட்டால் ஒரு அறைக்கு அந்த வெளிச்சமே போதும். இரண்டு நல்ல பேட்டரி இருந்தால், இரவுக்கு 3 மணி நேரம் வீதம் ஒரு வாரம் ஓட்டிவிடலாம். அதனால் புயல் நாட்களுக்கு அதிகபட்ச லூமென்ஸைவிட, குறைந்த வெளிச்ச மோடு இருக்கிறதா, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதுதான் முக்கியம்.

புரொடெக்டட் பேட்டரி ஏன்?

லித்தியம் செல்களைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் பலவும், அவற்றைப் பாதுகாப்பு சர்க்யூட்டோடு கூடிய பேக்கில்தான் பயன்படுத்த வேண்டும், தனி செல்லாக அல்ல என்று எச்சரிக்கின்றன. எனவே சாதாரண வீடுகளுக்கு டார்ச் நிறுவனமே தரும் 'புரொடெக்டட்' பேட்டரிதான் பாதுகாப்பு. ஓவர் சார்ஜ், ஷார்ட் சர்க்யூட் ஆனால் அது தானே துண்டித்துக்கொள்ளும். இது சில மி.மீ. நீளம் கூடுதலாக இருக்கும் என்பதால், டார்ச்சுக்குள் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு பி.ஐ.எஸ் பதிவு கட்டாயம். ஐ.எஸ் 16046 என்ற தரக்குறியீடும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் சரிபார்க்கலாம்.

கடலுக்குப் போறவங்க கவனத்துக்கு

படகில் பயன்படுத்தும் டார்ச்சுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. பேட்டரி தொடும் முனைகளில் பச்சை பூத்தால் மின்னோட்டம் தடைபடும், சூடும் ஏறும். உலர்ந்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். கடல் தண்ணீர் உள்ளே போன பேட்டரியைக் காயவைத்துத் திரும்ப சார்ஜ் போடவே கூடாது.

இதையெல்லாம் செய்யாதீங்க

* இரண்டு, மூன்று பேட்டரி போடும் டார்ச்சில் பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். பலவீனமான பேட்டரியில் வாயு உருவாகலாம். இறுக மூடிய அலுமினியக் குழாய்க்குள் அது வெளியேற வழியில்லாமல் வெடிக்கும்.
* மேலுறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள்.
* சட்டைப்பையில் சாவி, சில்லறையோடு போடாதீர்கள். பிளாஸ்டிக் டப்பா அவசியம்.
* மெத்தை மேல் வைத்தோ, தூங்கும்போதோ சார்ஜ் போடாதீர்கள்.
* தகரக் கூரைக்கு அடியில், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள்.
* பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

யாருக்கு எது?

வீட்டுக்குள் மட்டும் போதும் என்றால், 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் 'ஏஏ' பேட்டரியே நல்ல தேர்வு. தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. வயல், படகு, மீட்புப் பணி என்றால் புரொடெக்டட் 18650 அல்லது 21700. மலிவான டார்ச்சுகளில் வரும் 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை மழைக்காலத்தில் மட்டும் வெளியே எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அது கெட்டுப்போகும்.

லித்தியம் பேட்டரியை மற்ற மாதங்களில் பாதி சார்ஜில் வைத்திருக்கலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் ஃபுல் சார்ஜ் போட்டு, ஒருமுறை எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள். கரண்ட் போன பிறகு சோதித்துப் பார்ப்பதில் பலன் இல்லை.