மணக்கிறது, ஆகவே நல்லது!

கோடைக்கானலிலிருந்து யாரும் வெறுங்கையோடு இறங்குவதில்லை. வத்தலக்குண்டு சாலையின் வளைவுகளில் தலை சுற்றினாலும் மடியிலிருக்கும் பையை மட்டும் விடமாட்டார்கள். பையில் மலைப்பூண்டு இருக்கும்; வீட்டுத் தயாரிப்புச் சாக்லெட் இருக்கும்; இரண்டு தைலச் சீசாக்கள் அவசியம் இருக்கும். ஒன்று யூகலிப்டஸ், மற்றொன்று விண்டர்கிரீன்.

நானும் அப்படி வாங்கி வந்தவன்தான். ஆகையால் பிறரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குச் சற்றுக் குறைவு. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். கம்மென்று மணம் ஏறியது.

"சுத்தமான இயற்கைச் சரக்கு சார். கலப்படமே கிடையாது. மூட்டுவலி, தலைவலி, சளி எல்லாத்துக்கும் கேட்கும்."

பக்கத்தில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். இடுப்பில் பேரன், ஒரு வயசுக்குமேல் இராது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டிருந்தான்.

"குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கலாமாப்பா?"

"தேன்லே ரெண்டு சொட்டு விட்டுக் கொடுங்கம்மா. இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது."

அந்த அம்மாள் விண்டர்கிரீன் சீசா ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். நானும் ஒன்று வாங்கினேன். வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு எனக்கும் ஒன்றும் தெரியாது. ஊருக்குத் திரும்பிய பிறகு, சும்மா ஓர் ஆவலில், அந்தத் தைலம் என்னதான் என்று படித்துப் பார்த்தேன். அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை.

நீலகிரியிலும் பழனி மலைகளிலும் கால்தேரியா என்று ஒரு செடி வளர்கிறது. இலையைக் கசக்கினால் வலிக்களிம்பின் வாசனை வரும். இலையை நீராவியில் காய்ச்சி வடித்தால் கிடைப்பதுதான் விண்டர்கிரீன் தைலம். அதில் ஏறக்குறைய முழுவதும் ஒரே பொருள்தான்: மெத்தில் சாலிசிலேட். தலைவலிக்கு விழுங்குகிறோமே ஆஸ்பிரின், அதன் நெருங்கிய உறவினர். பற்பசையிலும், வாய் கொப்பளிக்கும் நீரிலும், சுவிங்கத்திலும் மணத்துக்காகவும் சுவைக்காகவும் சேர்க்கிறார்கள். அங்கே சேர்வது மிகச் சிறிய அளவு. அதைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. நான் பற்பசையை விட்டெறியச் சொல்ல வரவில்லை.

ஆனால் மலைக்கடைச் சீசாவில் இருப்பது சாறு அல்ல, சாற்றின் சாறு. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மில்லிகிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால் 21 மாத்திரைக்கு மேலாகிறது! ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான தைலம் குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது. யூகலிப்டஸும் லேசுப்பட்டதல்ல, விழுங்கிய குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம்.

"இரண்டு சொட்டுத்தானே?" என்பீர்கள். நியாயமாகவே கணக்குப் பார்ப்போம். இரண்டு சொட்டு ஏறக்குறைய அரை மாத்திரை ஆஸ்பிரின். அது கொன்றுவிடாது. ஆனால் சளிக் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பாடம். மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது இடம் கொடுக்கும். மேலும், இரண்டு சொட்டில் இருமல் நிற்காவிட்டால் பாட்டியின் கை நான்கு சொட்டுக்குப் போகும். அப்புறம் திறந்த சீசா ஜன்னல் விளிம்பில் இருக்கும். இனிய மணம், எட்டும் உயரம், தவழும் குழந்தை.

"பாட்டி காலத்து வைத்தியத்தைப் பழிக்காதே" என்று சிலர் கோபித்துக்கொள்ளலாம். எந்தப் பாட்டி, ஐயா? யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்த மரம். நம் பாட்டிமார் இலையையும் வேரையும் கஷாயம் வைத்தார்கள்; வாஸ்தவம். ஆனால் ஒரு கிலோ விண்டர்கிரீன் தைலத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் இலை வேண்டும். அத்தனை இலையின் சத்தையும் சீசாவில் அடைத்துவிட்டு அதற்குக் கஷாயத்தின் நற்பெயரைக் கொடுப்பது மோசடி இல்லையா?

"செயற்கைதான் விஷம், இயற்கை அமிர்தம்" என்பது அடுத்த கட்சி. இன்றைக்குப் படித்தவர்கள்தாம் இதை அதிகம் பேசுகிறார்கள். இதே மெத்தில் சாலிசிலேட்டைத் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். செடி தந்ததும் தொழிற்சாலை தந்ததும் ஒரே பொருள். உடம்பு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நம் உணவுச் சட்ட விதிகள் சுவைக்காகச் சேர்க்கக் கூடாதென்று தடுத்திருக்கும் பொருள்களைப் பாருங்கள். டோங்கா விதையில் உள்ள கூமரின் இருக்கிறது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் இருக்கிறது. எல்லாம் இயற்கை அன்னை தந்தவையே. அன்னை அரளியையும் தந்திருக்கிறாள் என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

மேலே பூசுவதற்கும் அளவு உண்டு. 2007-ஆம் ஆண்டு நியூயார்க்கில் 17 வயது ஓட்ட வீராங்கனை ஒருத்தி, கால்வலிக்காக இதே பொருளுள்ள களிம்புகளை மட்டுமீறிப் பூசி இறந்துபோனாள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டால் இரத்தக் கசிவு வரக்கூடும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கும் இது ஆகாது. இதைக் கடைவீதியில் யார் சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் 1970-இல் வந்த சட்டத்தின்கீழ், 100-க்கு 5 பங்குக்கு மேல் மெத்தில் சாலிசிலேட் உள்ள திரவத்துக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அழகுசாதனப் பொருள்களில் இதற்கு வரம்பு கட்டியது. நம் நாட்டிலும் மருந்து என்று விற்றால் 1940-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கேட்கும்; தயாரிப்பு எண் கேட்கும்; காலாவதித் தேதி கேட்கும். நான் வாங்கிய சீசாவில் இருந்தது ஓர் இலைப் படமும் 'சுத்தமானது' என்ற ஒரு சொல்லும்தான். மருந்தா என்று கேட்டால் அது வாசனைச் சரக்கு. வாசனைச் சரக்கா என்று கேட்டால் அது மருந்து! எந்தச் சட்டத்தின் வாசலிலும் நிற்காமல் அது நேரே நம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

மலை வியாபாரியின் வயிற்றில் அடிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. தடை வேண்டாம். சீசாவின் மேல் மூன்று வரி அச்சிடட்டும்: உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். மூடியை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் போடட்டும். இதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. அதிகாரிகள் மனம் வைத்தால் அடுத்த சீசனுக்குள் நடக்கக்கூடிய காரியம். வாங்குகிற நாமும் மூக்கை நம்புவதை விட்டுவிட்டுக் கண்ணைக் கொஞ்சம் உபயோகிக்கலாம்.

குழந்தை குடித்துவிட்டதென்றால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சீசாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூச்சு வாங்குகிறதா, வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.

இருமிய அந்தக் குழந்தையின் ஊரும் பேரும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் பத்திரிகை படிப்பவரா என்பதும் தெரியாது. படிப்பவராக இருந்தால், அம்மா, அந்தச் சீசாவைத் தேன் பாட்டிலின் பக்கத்திலிருந்து எடுத்து விடுங்கள்.