கயிறு அறுந்தால் யாருக்கு இழப்பு?

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வீடு மாறினாள். சரக்கு வாகனத்துக்கு வாடகை எதற்கு என்று எண்ணி, மெத்தையையும் மடக்குக் கட்டிலையும் என் காரின் மேல் கேரியரில் ஏற்றிச் சணல் கயிற்றால் கட்டினேன். புதுச்சத்திரத்தைத் தாண்டியதும் முடிச்சு நழுவியது. மெத்தை மேலெழும்பிச் சாலையில் விழுந்தது. பின்னால் இருசக்கர வாகனத்தில் வந்த கணவனும் மனைவியும் நிலைதடுமாறி, சாலையோர மண்ணில் இறங்கி நின்றனர். அந்தப் பெண்ணின் மடியில் ஒரு குழந்தை இருந்தது. நல்வாய்ப்பாக எவருக்கும் காயமில்லை. எனக்கு நேர்ந்த இழப்பு, அழுக்கான ஒரு மெத்தை மட்டுமே.

பல்லாண்டுகள் வகுப்பறையில் 'புறவிளைவு' பற்றிப் பாடம் நடத்தியவன் நான். ஒருவரின் செயலால் விளையும் செலவை அதில் தொடர்பே இல்லாத இன்னொருவர் சுமப்பதே புறவிளைவு. 1920-இல் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகு இதை விரிவாக விளக்கினார். வாடகையை மிச்சப்படுத்தியவன் நான். விலை கொடுக்க இருந்தவர்கள் அவர்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

நம்மை ஏமாற்றுவது வேகம். வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பு காற்றை நேராக எதிர்கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் அதன்மீது ஏறத்தாழ ஏழரை கிலோ எடைக்கு இணையான விசை அழுத்தும், 80 கி.மீ. வேகத்தில் அது 30 கிலோவாகும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் இன்னும் கூடும். குறுகலான பழைய சாலையில் தாக்குப்பிடித்த முடிச்சு, இன்றைய நான்குவழிச் சாலையில் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. திறந்த வெளியில் கடற்காற்று பக்கவாட்டிலும் தள்ளும். ஐரோப்பாவில் சரக்கு வாகனங்களுக்கான தரவிதி, முன்புறமாகச் சுமையின் எடையில் 80 சதவீதத்தையும், பக்கவாட்டிலும் பின்புறமும் 50 சதவீதத்தையும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. காரின் கையேட்டில் கூரை தாங்கும் எடை குறிப்பிடப்பட்டிருக்கும். பல கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோ வரைதான். கேரியரின் எடையும் அதில் அடங்கும். கனமான பொருளைத் தாழ்வாகவும் நடுவிலும் வைக்க வேண்டும். சணலுக்கும் ரப்பர் கயிற்றுக்கும் பதிலாக, இறுக்கும் பூட்டு கொண்ட நாடாப் பட்டைகள் இரண்டைக் குறுக்கே கட்ட வேண்டும். நீளமான பொருளையும் மெத்தையையும் முன்னும் பின்னும் காரின் இழுவைக் கொக்கிகளோடு பிணைக்க வேண்டும். கீழே புகும் காற்று பொருளைத் தூக்காமல் தடுப்பது இந்தக் கட்டுதான். புறப்பட்ட சில கிலோமீட்டரிலேயே வண்டியை நிறுத்திப் பட்டையை மீண்டும் இறுக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 194(1ஏ) பிரிவு, அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. சுமையை இறக்கும் செலவும் நம்முடையதே. ஆனால், இப்பிரிவு தண்டிப்பது சுமையின் நீட்சியை. கட்டின் தளர்வை அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2004-இல், முன்சென்ற வாகனத்திலிருந்து பறந்துவந்த பலகை மோதி ஓர் இளம்பெண் பார்வையை இழந்தார். மறு ஆண்டே, சரியாகக் கட்டாத சுமையால் பிறரைப் படுகாயப்படுத்துவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது.

அபராதத்தை உயர்த்துவது மட்டும் போதாது. பிடிபடும் வாய்ப்பு குறைவாக இருந்தால் அபராதத்துக்கு அஞ்சுவோரும் குறைவு என்பதை கேரி பெக்கர் 1968-லேயே விளக்கினார். பொங்கலுக்கு முந்தைய வாரம் கரும்புக் கட்டுகளும், முகூர்த்த நாள்களில் சீர்வரிசைக் கட்டிலும் பீரோவும் கூரைகளில் ஏறுகின்றன. சிதம்பரம் அருகே கொத்தட்டை சுங்கச்சாவடியில் வாகனங்கள் வேகம் குறைத்தே கடக்கின்றன. அத்தகைய நாள்களில் அங்கு இரு காவலர்கள் நின்று, தளர்ந்த கட்டுகளை இறுக்கச் சொன்னாலே போதும், பெரிய செலவில்லை.

அன்று அந்த இளைஞர் என்னைத் திட்டவில்லை. மெத்தையை ஓரமாக இழுத்துப் போட உதவிவிட்டு, "பார்த்துக் கட்டுங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். கயிற்றை முடியும் கை நம்முடையது. அந்த முடிச்சை நம்பி வருவது பின்னால் இருப்பவரின் உயிர்.